ஜெத்ரோ டல்லுக்கு அப்புறம் யாரைக் கேட்பது?

கேள்வி: "எனக்கு ஜெத்ரோ டல் பிடிக்கும். அந்தக் காலத்து ப்ரோக்ரெசிவ் ஃபோக் ராக் குழுக்கள் வேறு யார் யார்? எப்படித் தேடிப் பிடிப்பது?"

தாண்டிப் போயிருப்பேன். ஜெத்ரோ டல் என்ற பெயர் கண்ணில் பட்டுவிட்டது. புல்லாங்குழலுக்குப் பேர்போன இங்கிலாந்து ராக் குழு அது. கல்லூரி நண்பர்கள் என்னை இன்றுவரை 'டல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மந்தமானவன் என்று அர்த்தமில்லை. அதாவது, அதுமட்டும் அர்த்தமில்லை.

நாட்டுப்புறப் பாட்டை ராக்கில் ஏற்றினால் ஃபோக் ராக். அதில் தாளத்தையும் அமைப்பையும் சிக்கலாக்கினால் ப்ரோக்ரெசிவ். நீங்கள் ஜெத்ரோ டல்லின் 'சாங்ஸ் ஃப்ரம் தி வுட்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, மியூசிக் ஆப் அடுத்தடுத்துப் போட்டதையும் கேட்டு அலுத்துப்போயிருப்பீர்கள். அது சுற்றிச் சுற்றி அதையேதான் போடும். 2005இல் எங்களுக்கு ஆப் கிடையாது, ஹாஸ்டல் கம்ப்யூட்டர்களை இணைத்த லேன் (LAN)தான். யாரோ ஒரு சீனியர், புல்லாங்குழல் கேட்கிற இங்கிலீஷ் பாட்டையெல்லாம் ஒரே ஃபோல்டரில் கொட்டி 'ஜெத்ரோ டல்' என்று பெயர் வைத்திருந்தார். அதை வேதவாக்காக நம்பி இரண்டு வருடம் கேட்டேன்.

கல்ச்சுரல்ஸில் மியூசிக் க்விஸ். பத்து நொடி ஒரு பாட்டு ஓடியது. பிடில் கிறீச்சிடுகிறது, ஒருவன் ஆடு கத்துவது போலப் பாடுகிறான். என் ஃபோல்டரில் இருக்கிற பாட்டு! பஸரை அழுத்தி "ஜெத்ரோ டல்" என்றேன். தப்பு. பக்கத்து டீம் மெட்டல் பையன்கள் அலட்டிக்கொள்ளாமல் "கோமஸ்" என்றார்கள். அதுவும் ஒரு இங்கிலாந்து குழு. 1971இல் வந்த அவர்களுடைய 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு, 'டயானா'. மெட்டல் பையன்களுக்குத் தெரிந்தது ஓபெத் வழியாக. அந்த ஸ்வீடன் மெட்டல் குழு 1998இல் போட்ட ஆல்பத்துக்குக் கோமஸ் பாட்டில் வரும் ஒரு வரியைத்தான் பெயராக வைத்திருந்தது. நான் அதோடு விட்டிருக்கலாம். க்விஸ் மாஸ்டரிடம் மேடையில் நின்று ஐந்து நிமிடம் வாதாடினேன்.

அதற்கப்புறம்தான் ஃபோல்டர் பெயரை விட்டுவிட்டு, ஆல்பத்தில் யார் வாசித்தார்கள், யார் தயாரித்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். ஜெத்ரோ டல்லிலேயே நூல் இருக்கிறது, பிடித்து இழுங்கள். 1979 முதல் 1995 வரை அங்கே பேஸ் கிட்டார் வாசித்தவர் டேவ் பெக். அவருடைய சொந்த வீடு ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஃபோக் ராக் குழு. அங்கே அவர் வந்தது ஆஷ்லி ஹட்சிங்ஸ் விட்டுப்போன இடத்துக்கு. ஹட்சிங்ஸ் போய் ஆரம்பித்த குழு ஸ்டீலை ஸ்பான். ஸ்டீலை ஸ்பானின் 1974 ஆல்பத்தைத் தயாரித்தவர் யார்? ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன். சுற்றி வந்து வாசலிலேயே நிற்கிறோம்.

இதில் ஃபேர்போர்ட்டிடம் கொஞ்சம் நின்று போங்கள். 1969 மே மாதம், கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் அவர்கள் வேன் கவிழ்ந்தது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிளுக்கு 19 வயது, இறந்துபோனார். கிட்டாரிஸ்ட் ரிச்சர்ட் தாம்ப்சனின் காதலியும் போய்விட்டார். குழுவே கலைந்துவிடும் என்ற நிலைமை. மிஞ்சியவர்கள் புது டிரம்மரையும் டேவ் ஸ்வார்பிரிக் என்ற பிடில்காரரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு கிராமத்து வீட்டில் தங்கிப் பழைய கதைப்பாடல்களை எலெக்ட்ரிக் கிட்டாரில் ஏற்றினார்கள். அதே வருடம் டிசம்பரில் 'லீஜ் அண்ட் லீஃப்' வந்தது. அதில் 'மேட்டி க்ரோவ்ஸ்' எட்டு நிமிடம் ஓடும். பிரபுவின் மனைவி, அவளுடைய கள்ளக்காதலன், பிரபுவின் வாள். நம்ம ஊர் கொலைச்சிந்து மாதிரியேதான். குழுவின் பாடகி சாண்டி டென்னி அதைப் பதறாமல், செய்தி சொல்வது போலப் பாடுவார். கடைசிச் சில நிமிடம் பாட்டே கிடையாது, பிடிலும் கிட்டாரும் துரத்திக்கொள்ளும்.

உடனே ஒருவர் வருவார், 'இது வெறும் ஃபோக் ராக், ப்ரோக்ரெசிவ் எங்கே' என்று. சரி ஐயா, பென்டாங்கிள் என்ற குழுவின் 'லைட் ஃப்ளைட்' கேளுங்கள். ஐந்தும் ஏழும் மாறி மாறி வரும் தாளம். கண்டமும் மிஸ்ரமும் தெரிந்தவர்கள் தொடையில் தட்டிப் பார்க்கலாம். இன்னொருவர் 'நம்ம நாட்டுப்புறப் பாட்டு இருக்க இதெல்லாம் எதற்கு' என்பார். அதையும் கேட்கிறேன். இரண்டும் கேட்கக் காது இருக்கிறது.

அந்த பென்டாங்கிளின் டபுள் பேஸ்காரர் டேனி தாம்ப்சன், பாடகர் நிக் டிரேக்கின் முதல் ஆல்பத்திலும் வாசித்தார். அதைத் தயாரித்த ஜோ பாய்டுதான் 'லீஜ் அண்ட் லீஃப்'பையும் பாடகி வாஷ்டி பன்யனின் 1970 ஆல்பத்தையும் தயாரித்தார். பன்யன் குதிரை வண்டியில் ஸ்காட்லாந்து தீவுகளுக்குப் பயணம் போனபோது எழுதிய பாட்டுகள் அவை. அப்போது யாரும் வாங்கவில்லை. 2000இல் மறுபடி வெளியானபோதுதான் கொண்டாடினார்கள். அடுத்த ஆல்பம் 2005இல். முப்பத்தைந்து வருட இடைவெளி!

இப்படி ஒவ்வொரு பெயராகத் துரத்திச் சேர்த்ததெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தது. க்விஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனே அக்கா கல்யாண போட்டோ ஏற்ற வேண்டும் என்று வாங்கிப்போனான். ஃபார்மட் செய்து திருப்பிக் கொடுத்தான். "எல்லாம் நெட்ல கிடைக்கும்டா டல்லு" என்றான். அந்தக் கல்யாணத்துக்கு ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே போய் 501 மொய் எழுதியவன் நான். என் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. அக்காவும் வரவில்லை. மொய்யும் வரவில்லை. காசுக்காகச் சொல்லவில்லை, முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கோமஸை மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். நான் ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா கையில் விளக்குமாறோடு கொல்லைக்கதவைத் திறந்து, "யார் வீட்டு ஆடுடா செடிக்குள்ள புகுந்தது?" என்றார்.