மகளுக்காக நீங்கள் பேசாதீர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சிறு வயதிலிருந்தே பதற்றம் உண்டு. இப்போது என் 14 வயது மகளும் வகுப்பில் வாய் திறக்க நடுங்குகிறாள். தேர்வுக்கு முந்தைய இரவு வாந்தி எடுக்கிறாள். ஆசிரியர்களிடம் நானே பேசி, வாய்மொழித் தேர்வுகளிலிருந்து அவளுக்கு விலக்கு வாங்கியிருக்கிறேன். இது என் ஜீனால் வந்ததா? மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பரிசோதனை வேண்டாம். பதற்றத்துக்கென்று தனி ஜீன் கிடையாது. மூளையில் செய்தி கடத்த உதவும் செரோடோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப எடுத்துச் செல்லும் புரதத்தின் ஜீனில் விடை இருப்பதாக 1996-இல் பெரும் நம்பிக்கை பிறந்தது. பின்னர் பெருந்திரளான மக்களிடம் தேடியபோது அது நிலைக்கவில்லை. மிகச் சிறிய விளைவுள்ள மரபணு வேறுபாடுகள் ஏராளமாகச் சேர்ந்து ஒரு சாய்வைத் தருகின்றன, அவ்வளவுதான். பதற்றத்தில் மரபின் பங்கு 30 முதல் 40 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்வதும் மக்களிடையே உள்ள வேற்றுமையைப் பற்றிய கணக்கு. அதை வைத்து உங்கள் மகளின் பயத்தில் உங்கள் பங்கு இவ்வளவு என்று கூறு போடாதீர்கள்.

சரி, அதை விடுங்கள். போகிற போக்கில் ஒரு விலக்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

என் அம்மாவும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தவர் என்னிடம் பெயர் கேட்டால்கூட அம்மாதான் சொல்வார். "அவனுக்குக் கூச்சம்" என்பார். எல்லாம் பாசம்தான். ஆனால் என்னால் முடியாது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்தப் பாசத்திடம்தான். ஒருமுறை சித்தப்பா, "அண்ணி, நீங்க சும்மா இருங்க, அவன் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காது அடைத்தது, குரல் பிசிறியது. ஆனாலும் சொன்னேன். அந்த மனிதருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி உங்கள் மகளின் வயதில் முழு வேகத்தில் இயங்கும். அதை அடக்கிப் பழக வேண்டிய, நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். பயந்த இடத்தில் நின்று, ஒன்றும் ஆகவில்லை என்று கண்டால்தான் அந்தப் பழக்கம் வரும். நீங்கள் வாங்கிய ஒவ்வொரு விலக்கும் அந்த வாய்ப்பைப் பறிக்கிறது. அவளுக்கு அந்த நேரத்தில் நிம்மதிதான். ஆனால் மூளை அதிலிருந்து எடுத்துக்கொள்வது, தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்பதை.

2015-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று, இரட்டையர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஒப்பிட்டது. பெற்றோரின் பதற்றம் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் போவதில் ஜீனைவிட வீட்டுச் சூழலின் பங்கே அதில் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு மறுபடி குற்றவுணர்வில் உட்கார்ந்துவிடாதீர்கள், தயவுசெய்து! உங்களால் ஜீனை மாற்ற முடியாது, நடத்தையை மாற்ற முடியும். 2020-இல் யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் குழு, பதற்றம் கொண்ட 124 சிறுவர் சிறுமியரின் குடும்பங்களை ஆராய்ந்தது. ஒரு பாதியில் பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி. பயத்துக்கு வளைந்து கொடுப்பதை அவர்கள் குறைத்தபோது, நேரடியாக உளவியல் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கு நிகராக அவர்களுடைய பிள்ளைகளும் தேறினார்கள்.

வாந்தி வருமளவு போயிருப்பதால் ஓர் உளவியலாளரைப் பாருங்கள், நீங்களும் கூடவே போங்கள். விலக்கை ஒரேயடியாக ரத்து செய்ய வேண்டாம், அது கொடுமை. அவளுக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் ஒரே ஒரு பதில், அங்கிருந்து தொடங்கட்டும். எந்த வகுப்பு என்பதை அவளே முடிவு செய்யட்டும்.