கூர்நோக்கு இல்லத்தில் ‘அந்த’ வகுப்பு: கேள்வி பதில்

பதினோரு வருடமாக வாரம் ஒருநாள் ஒரு கூர்நோக்கு இல்லத்துக்கு, அதாவது வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடத்துக்கு, போய்வருகிறேன். படித்தது நர்சிங், பார்ப்பது ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) வேலை. உள்ளே இருக்கும் பையன்களுக்கு உடல்நலம், உறவுகள் பற்றி வகுப்பு எடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். எந்தப் பையனுடைய பெயரோ ஊரோ வழக்கோ எழுத வேண்டாம். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 அவர்கள் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது.

சமூகப்பணி மாணவி, திருச்சி: அடுத்த மாதம் ஒரு இல்லத்தில் களப்பணி. முதல் வகுப்புக்கு எய்ட்ஸ் பற்றி சார்ட் தயார் செய்திருக்கிறேன். சரிதானா சார்?

சார்ட்டைச் சுருட்டி வையுங்கள் அம்மா. முதல் நாள் பையன்கள் உங்கள் பாடத்தைக் கேட்க வருவதில்லை, அறையை விட்டு வெளியே வருவதற்காக வருகிறார்கள். நான் சிரங்கில்தான் தொடங்குவேன். விரல் இடுக்கில் சொறியாத பையன் அங்கே அபூர்வம். ஒரே பாய், ஒரே துண்டு, நெருக்கிப் படுக்கை. டாக்டர் பெர்மெத்ரின் எழுதிக் கொடுப்பார். கழுத்துக்குக் கீழே முழு உடம்பிலும் இரவு தடவி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி தடவ வேண்டும். அறையில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நாளில் தடவாவிட்டால் பத்தே நாளில் திரும்பி வரும். மருந்து வேலை செய்த பிறகும் அரிப்பு சில வாரம் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உங்களைப் பொய்யர் என்பார்கள்.

இப்போது துண்டைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது இல்லையா? ‘அடுத்தவன் துண்டை எடுக்கும் முன் கேட்டாயா? அவன் வாய் திறக்காமல் நின்றால் அது சரி என்று அர்த்தமா? உன்னைவிடப் பெரியவன் கேட்டால் உன்னால் முடியாது என்று சொல்ல முடியுமா?’ சம்மதம் என்ற பாடம் அங்கே ஆரம்பிக்கிறது. மூன்றாவது கேள்விக்கு அறை அமைதியாகிவிடும். யார் தலையைக் குனிகிறார்கள் என்று கவனியுங்கள், ஆனால் அங்கேயே கேட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை, இன்று இதைப் பல முறை சொல்வேன். ‘என்னிடம் எதையும் சொல்லலாம், யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 19-இன்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. முதல் வருடம் நான் அப்படி வாக்குக் கொடுத்தேன். ஒரு பையன் நம்பிச் சொன்னான். நான் புகார் கொடுத்தேன். வெளியே போகும் வரை அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ‘எதையெல்லாம் நான் மேலே சொல்ல வேண்டிவரும்’ என்று வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பெயர் வேண்டாம்: சுயஇன்பத்தால் நரம்புத் தளர்ச்சி வருமா?

வராது. லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவர்களுக்குத்தான் அதனால் வருமானம் வரும்.

தன்னார்வலர், சேலம்: பச்சை குத்துவதையும் ஊசியையும் பற்றிப் பேசலாமா? பேசினால் கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள்.

அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது எப்படி என்று எனக்கே ஒரு பதினாறு வயதுப் பையன்தான் விளக்கினான். ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றினால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுமே பரவலாம் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. உள்ளே தையல் ஊசியால் காதலி பெயரைக் குத்திக்கொள்வதும் அதே கணக்குத்தான். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். ஆனால் சம்மதம் கேட்காமல் வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுப்பதை எச்ஐவி சட்டம் 2017 அனுமதிக்கவில்லை.

ஒரு வாசகர்: சொப்பன ஸ்கலிதத்தால் உடம்பு இளைக்குமா?

இளைக்காது. மேலே நரம்புக்குச் சொன்ன பதிலே.

பெயர் இல்லை: பெண்கள் இல்லத்தில் மாதவிடாய் பற்றி எப்படிப் பேசுவது?

அங்கே நான் வேலை செய்ததில்லை. அந்த இல்லத்தின் பெண் செவிலியரைக் கேளுங்கள்.

ஆசிரியர், விழுப்புரம்: காதல் வழக்கில் வந்த பையனிடம் என்ன சொல்வீர்கள்?

‘அவளும்தானே சார் வந்தாள்’ என்பான். இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகச் சொல்வேன். அவள் விரும்பினாளா என்பது ஒன்று. 18 நிறையாதவரின் சம்மதம் சட்டத்தில் செல்லாது என்பது இன்னொன்று. 2012-இல் போக்சோ வரும்வரை அந்த வயது 16. அவன் அப்பா காலத்துக் கணக்கு இப்போது உதவாது.

வழக்கறிஞர், மதுரை: அரசு வக்கீல் மாதிரிப் பேசுகிறீர்கள். வளரிளம் பருவக் காதலைத் தண்டிக்க வந்த சட்டம் அல்ல இது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. நீங்கள் பையனைக் குற்றவாளியாக உணரவைக்கிறீர்கள்.

தீர்ப்பு தெரியும் ஐயா. 2019-லும் 16-க்கு மேற்பட்டவர்களின் சம்மத உறவை விலக்கலாம் என்று அதே நீதிமன்றம் யோசனை சொன்னது. ஆனால் 2023-இல் சட்ட ஆணையம் தன் 283-ஆம் அறிக்கையில் வயதைக் குறைக்க வேண்டாம் என்றது. 16 முதல் 18 வரையுள்ள வழக்குகளில் தண்டனையை முடிவு செய்ய நீதிபதிக்கு இடம் கொடுக்கலாம் என்ற அளவில் நின்றுவிட்டது. வழக்கு உயர் நீதிமன்றத்தில் ரத்தாகலாம், ஆனால் அதுவரை பையனுக்குப் படிப்பு போகிறது. வெளியே இருக்கும் அவன் தம்பிக்கு நான் தீர்ப்பைச் சொல்வதா, சட்டத்தைச் சொல்வதா?

ஒரு தாய்: சம்மதம் சம்மதம் என்று இரண்டு பேரும் பேசுகிறீர்கள். போட்டோவை வைத்து என் மகளை மிரட்டியவனும் காதல் என்றுதான் சொன்னான்.

அம்மா, நீங்கள் சொல்வதற்குத்தான் என் வகுப்பில் பாதி நேரம் போகிறது. ‘அவள் போன் பாஸ்வேர்டு உனக்கு எதற்கு?’ என்று கேட்பேன். ‘நம்பிக்கைக்கு’ என்பார்கள். ‘அவள் உன் பாஸ்வேர்டைக் கேட்டால்?’ என்றால் சிரிப்பார்கள். ஒருமுறை கடைசி வரிசையில் இருந்து ஒருவன், ‘அண்ணே, எங்கப்பா அம்மாவை அடிச்சிட்டு அப்புறம் பூ வாங்கிட்டு வருவாரு, அது லவ்வா?’ என்றான். அன்றைக்கு வேறு எதுவும் நடத்தவில்லை.

வழக்கறிஞர், மதுரை: மிரட்டியவனையும் காதலித்தவனையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள்.

வைப்பது சட்டப் பிரிவு. நான் பிரித்துப் பேசுவதால்தானே இந்த அம்மாவும் நீங்களும் இரண்டு பக்கமும் என்னிடம் கோபப்படுகிறீர்கள்? மூன்று பேரும் நேரில் உட்கார்ந்து பேசலாம், இங்கே மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

பெயர் இல்லை: ஆணுறை காட்டுவீர்களா?

காட்டுவேன். பாடத்திட்டத்தைக் கண்காணிப்பாளரிடம் முன்பே கொடுத்து, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்வேன். வாய்மொழி அனுமதி புகார் வந்ததும் காணாமல் போய்விடும்.

சித்தப்பா முறை ஒருவர்: என் அண்ணன் மகன் உள்ளே இருக்கிறான். யாரோ தொந்தரவு செய்கிறார்கள் போலிருக்கிறது. நீங்கள் ரகசியமாக விசாரித்துச் சொல்ல முடியுமா?

ரகசியமாக முடியாது, காரணம் முதல் பதிலில் இருக்கிறது. இன்றே அவனுடைய நன்னடத்தை அலுவலரைப் பாருங்கள். சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு எழுத்தில் மனு கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

ஒரு வாசகர்: படர்தாமரைக்கு மெடிக்கலில் கொடுத்த கிரீம் போட்டால் குறைகிறது, விட்டால் பரவுகிறது.

ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருக்கும். நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள்.

பெயர் வேண்டாம்: சார், கைப்பழக்கத்தால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்கிறார்களே?

பிறக்கும். மூன்றாவது முறை. நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்கிறது.