மாசியில் சிவக்கும் மலைகள்: வார இறுதி பஸ் பயணம், கேள்வி பதில்

சென்னையிலிருந்து பஸ் பேசி, நாற்பது ஐம்பது பேரை மலைக்கு அழைத்துப் போய்த் திரும்புவதைப் பதினெட்டு வருடமாகச் செய்துவருகிறேன். இலையுதிர் காலக் காட்சிக்கு எங்கே, எப்போது போகலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

பெரம்பூர் வாசகி: அக்டோபரில் காஷ்மீர் போக வசதியில்லை. சிவப்பும் மஞ்சளுமாக இலை உதிர்வதை ஏற்காட்டில் பார்க்க முடியுமா?

அக்டோபரில் முடியாது. அந்த மாதம் ஏற்காடு பச்சைப் பசேலென்று இருக்கும். சினார் மரங்கள் சிவக்கும் ஸ்ரீநகரில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் சுமார் நாலரை மணி நேர வித்தியாசம் உண்டு. நமக்கு ஒன்றரை மணி நேரம்தான். அங்கே பகல் சுருங்கிக் குளிர் கூடுவதைப் பார்த்து மரம் இலையை விடுகிறது. நம் மலைக்காடுகளில் மண்ணில் ஈரம் வற்றுவதைப் பார்த்து விடுகிறது. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கிறது, தையில் மண் காய்கிறது, மாசியில் காடு நிறம் மாறுகிறது. ஆகவே பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை உள்ள வார இறுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடம் கேட்டால் ஜவ்வாது மலையைத்தான் முதலில் சொல்வேன். தேக்கு, வேங்கை, புரசு, இலவு என்று இலையுதிர்க்கும் மரங்கள் நிறைந்த காடு. இலை முழுவதும் போன பிறகு வெறும் கிளையில் புரசு ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்பதைப் பார்க்க வேண்டும். புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம்தான். பக்கத்திலேயே இலவு ரத்தச் சிவப்பில் பூத்திருக்கும். குளிர் நாடுகளில் இலை போனால் நிறமும் போய்விடும். இங்கே இலை போனபின் பூ வரும், பூ முடிவதற்குள் செந்தளிர் வரும். ஒரே மலையில் மூன்றையும் பார்த்துவிடலாம்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: கூதிர் என்று நமக்கு ஒரு பெரும்பொழுது இருக்கிறதே? ஐப்பசி, கார்த்திகை. அதுதானே இலையுதிர் காலம்? நீங்கள் மாசி என்கிறீர்கள்.

ஐயா, கூதிர் என்றால் குளிர்ந்த காற்று. பெயரிலேயே வாடை இருக்கிறது, இலை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அடைமழை. அப்போது மரம் இலையை உதிர்க்காது, தழைக்கும். ஆறு பெரும்பொழுதில் இலை உதிர்வோடு பொருந்துவது மாசி, பங்குனி, அதாவது பின்பனி. வடக்கே மரம் உதிர்க்கும் மாதம் நம் கூதிரோடு ஒத்துப்போவதால் இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அண்ணா நகர்: ஆசிரியர் சொல்வதே சரி. பள்ளிப் புத்தகத்திலும் அப்படித்தான் படித்தோம்.

பள்ளிப் புத்தகம் நான்கு பருவம் என்று சொல்லிக்கொடுத்தது. நாம் வாழ்வது ஆறு பருவத்தில். ஐப்பசியில் ஒருநாள் ஏலகிரிக்குப் போய்ப் பாருங்கள், குடை வேண்டியிருக்கும்.

தாம்பரம், தாவரவியல் மாணவர்: மலைவரை எதற்கு? எங்கள் தெரு வாதாம் மரம் தை மாதமே சிவந்து கொட்டுகிறதே?

தம்பி, இந்த வாதத்தை முடித்துவைத்ததே நீங்கள்தான்: உங்கள் தெரு மரமும் ஐப்பசியில் உதிர்க்கவில்லை, தையில்தான் உதிர்க்கிறது. நீங்கள் சொல்லும் வாதாம், அதாவது நாட்டு வாதுமை, இலை விழுவதற்கு முன் நன்றாகச் சிவக்கும் மரம். பச்சையம் சிதையும்போது அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பை, அதாவது ஆந்தோசயனின் என்ற நிறமியை, மரம் புதிதாகத் தயாரிக்கிறது. மாந்தளிரும் அரசந்தளிரும் செம்பு நிறத்தில் வருவதும் அதே நிறமியால்தான். பயணத்துக்கு முந்தைய வாரம் பிள்ளைகளைத் தெருவில் நடக்கவிட்டு இதைக் காட்டுங்கள், மலையில் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வேளச்சேரி: வெள்ளி இரவு 10 மணிக்குக் கிளம்பினால் இரண்டு நாள் முழுதாகக் கிடைக்குமே? பஸ்காரர் மூன்று நாள் வாடகை கேட்கிறார்.

வாடகைக் கணக்கு பெரும்பாலும் நள்ளிரவிலிருந்து நள்ளிரவுவரை. வெள்ளி இரவு இரண்டு மணி நேரம் ஓடினாலும் அது ஒரு நாள். சனி அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, ஞாயிறு இரவு 11-க்குள் ஊர் திரும்பினால் இரண்டு நாள். பேட்டா, சுங்கம், பெர்மிட் எல்லாம் சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இரவு முழுக்க ஓட்டிய டிரைவரை விடியற்காலையில் கொண்டைஊசி வளைவில் ஏற்றாதீர்கள். நான் பொறுப்பெடுத்த முதல் பயணத்தில் அதைச் செய்தேன். ஆறாவது வளைவில் அவர் கண்ணயர்ந்ததை முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் பார்த்துக் கத்தியதால் தப்பித்தோம். அன்றிலிருந்து டிரைவர் ஆறு மணி நேரமாவது தூங்கினாரா என்று கேட்காமல் நான் பஸ்ஸில் ஏறுவதில்லை.

அம்பத்தூர்: அக்டோபர் பூஜை லீவில் ஏலகிரி போனால் இலை உதிருமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

போரூர்: குழந்தைகளுக்கு வாந்தி வருகிறது. கொல்லிமலை போகலாமா?

கொல்லிமலையில் 70 கொண்டைஊசி வளைவுகள். தூரமும் அதிகம். வாந்தி எடுக்கும் குழந்தையோடு ஒரு வார இறுதியில் வேண்டாம். ஏலகிரியில் 14 வளைவுதான், சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். முன்பக்க சீட், வெறும் இட்லி, கையில் போன் கூடாது. மாத்திரையை மருத்துவரிடம் கேளுங்கள்.

குரோம்பேட்டை, ஐடி ஊழியர்கள் குழு: 30 பேர். மார்ச்சில் ஜவ்வாது. இரவில் காட்டோரம் கேம்ப் ஃபயர் போட்டு, காலையில் நாங்களே மலையேறலாம் என்று திட்டம்.

தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். இலை உதிரும் காலம்தான் காட்டுத்தீக் காலம். நாம் ரசிக்கப் போகிற அந்தச் சருகு கணுக்கால் அளவுக்குக் காய்ந்து கிடக்கும், புல்லும் காய்ந்திருக்கும், மதியத்துக்கு மேல் காற்று எழும். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே தீ இருந்தால் மேலே ஏறித் தப்ப முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவும் ஒரு வார இறுதிப் பயணம்தான்.

ஆகவே கேம்ப் ஃபயர் வேண்டாம், சிகரெட்டும் வேண்டாம். இந்த மாதங்களில் வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவைப்பது வழக்கம். திறந்திருந்தாலும் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் கால்வைக்காதீர்கள். ஜமுனாமரத்தூர் சாலையில் பஸ் மெதுவாகப் போனாலே வேண்டிய காட்சி கிடைக்கும். இரவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. பார்வையாளர்களை எப்போது அனுமதிக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஆவடி: நவம்பரில் போனால் கூட்டமில்லாமல் இலை உதிர்வதைப் பார்க்கலாமா?

நவம்பர் மழை மாதம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, திருவண்ணாமலையில் மலை சரிந்து உயிர்கள் போயின. மாசி என்று நாலு முறை சொல்லிவிட்டேன்.

திருவொற்றியூர்: டிரைவருக்கு இரட்டை பேட்டா கொடுத்தால் இரவு ஓட்டச் சம்மதிக்கிறார். பரவாயில்லையா?

கூடவே கூடாது. தூக்கத்துக்குப் பேட்டா கிடையாது.

கொளத்தூர் வாசகி: அம்மாவுக்கு 72 வயது. முழங்கால் வலி. காடு சிவந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. கூட்டிவரலாமா?

கட்டாயம் கூட்டிவாருங்கள் அம்மா. இந்தப் பயணத்துக்கு நடை தேவையே இல்லை. புரசும் இலவும் சாலையோரத்திலேயே நிற்கும். நல்ல மரம் வந்தால் அகலமான இடம் பார்த்துப் பஸ்ஸை நிறுத்துவோம், அவர் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். கழிவறை வசதியுள்ள நிறுத்தங்களை முன்னாலேயே குறித்துவிடுகிறேன். படி ஏற ஒரு சிறிய முக்காலி எடுத்து வருகிறேன். டிரைவருக்குப் பின்னால் முதல் ஜன்னல் சீட் அம்மாவுக்கு.