லூட் வாத்தியத்தில் மெட்டுகளை (தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்கக் கழுத்தின் குறுக்கே இருக்கும் தடுப்புகள், ஆங்கிலத்தில் ஃபிரெட்) ஏன் கயிறு போலக் கட்டுகிறார்கள்? கிட்டார் போல உலோகத்தில் பதித்தால் என்ன?

சின்ன வயதில் ஆறு வருடம் வீணை கற்றுக்கொண்டேன். வேலைக்காக ஜெர்மனி வந்த இடத்தில் ஒரு தேவாலயக் கச்சேரியில் லூட் கேட்டேன். அன்றைக்குப் பிடித்தது, இப்போது ஒன்பதாவது வருடமாக வாசிக்கிறேன்.

உலோகத்தில் மெட்டு செய்யத் தெரியாத காலம் என்பதால் நரம்பைக் கட்டினார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அதே காலத்து ஐரோப்பாவில் சிட்டர்ன் என்று ஒரு வாத்தியம் இருந்தது. அதற்குக் கம்பித் தந்தி, கழுத்தில் பதித்த உலோக மெட்டு. இரண்டு முறையும் தெரிந்திருந்தும் லூட்டுக்குக் கட்டுமெட்டுதான் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

லூட் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அரபு வாத்தியமான ஊத்தின் வழியில் வந்தது. 'அல் ஊத்' என்ற பெயர்தான் தேய்ந்து லூட் ஆனது. பேரிக்காயைப் பாதியாக நறுக்கியது போன்ற உடல், ஒன்றரை மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள மேற்பலகை, பின்னால் மடங்கிய பிருடைப் பெட்டி (பிருடை என்பது தந்தியை முறுக்கும் திருகு). முதலில் இறகால் மீட்டினார்கள். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் விரலுக்கு மாறினார்கள், அதனால் ஒரே ஆள் இரண்டு மூன்று குரல்களை, அதாவது தனித்தனி இசை வரிகளை, சேர்த்து வாசிக்க முடிந்தது. வெனிஸில் பெட்ரூச்சி என்ற அச்சாளர் 1507இல் லூட் இசையை அச்சில் கொண்டுவந்த காலத்தில் ஆறு வரிசைத் தந்திகள் வழக்கம். மேல் தந்தி பெரும்பாலும் ஒற்றை, மற்றவை இரண்டிரண்டாக இருக்கும்.

தந்தி என்று சொல்கிறேன், ஆனால் அது கம்பி இல்லை. ஆட்டுக் குடலை முறுக்கிக் காயவைத்த நரம்பு. நம் ஆட்களும் யாழின் தந்தியை நரம்பு என்றுதான் சொன்னார்கள். சீவக சிந்தாமணியில் யாழ்ப் போட்டிக்குப் போன சீவகன், கொடுத்த யாழின் நரம்பில் மயிர் இருப்பதைக் காட்டிக் குற்றம் சொல்வான். பள்ளியில் படித்தபோது அது வீண் பெருமை பேசுவது போல இருந்தது. குடல் நரம்பை நானே வாங்கி மாட்டத் தொடங்கிய பிறகுதான் அவன் எவ்வளவு சரி என்று தெரிந்தது. எத்தனை கவனமாக முறுக்கினாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அது ஒரே பருமனாக வருவது அபூர்வம். பழைய லூட் கையேடுகளில் இதற்குச் சோதனையே சொல்லியிருக்கிறார்கள். நரம்பின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட வேண்டும். அதிரும்போது இரண்டு தெளிவான கோடுகளாகத் தெரிந்தால் நல்ல நரம்பு. கோடுகள் குழம்பித் தெரிந்தால் அதை எங்கே அழுத்தினாலும் சுரம் பிசகும்.

பருமன் கொஞ்சம் ஏறி இறங்கும் நரம்பில் கணக்குப் போட்ட இடத்தில் சுரம் நிற்காது, ஒரு மில்லிமீட்டர் இப்படியோ அப்படியோ தள்ளி நிற்கும். மெட்டு நகர்ந்தால் அதைச் சரிசெய்துவிடலாம். நான் சில மெட்டுகளை லேசாகச் சாய்த்தே வைத்திருக்கிறேன். தவிர, குடல் நரம்பை உலோக விளிம்பில் வைத்து அழுத்தினால் சீக்கிரம் பிசிறு எழும்பும். நரம்பின்மேல் நரம்பு என்றால் இரண்டும் சேர்ந்து மெதுவாகத் தேயும். மெட்டு தேய்ந்தால் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் புதியது கட்டிக்கொள்ளலாம், வாத்தியத்தில் ஒரு கீறல் விழாது.

இவ்வளவும் வசதி சம்பந்தப்பட்டது. உண்மையான காரணம் என்று நான் நினைப்பது சுருதி.

என் லூட்டின் தந்தி நீளம் 60 செ.மீ. மேருவிலிருந்து (பிருடைப் பக்கம் தந்தி ஏறி உட்காரும் இடத்தை வீணையில் அப்படித்தானே சொல்வோம்) ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12 செ.மீ. தள்ளி அழுத்தினால், 5:4 விகிதத்தில் தூய அந்தர காந்தாரம் (சட்ஜத்திலிருந்து நாலாவது மெட்டில் வரும் பெரிய காந்தாரம்) வரும். இன்றைய கிட்டார் கணக்குப்படி அந்த நாலாவது மெட்டு 12.4 செ.மீ. பக்கத்தில் இருக்க வேண்டும். நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஒரு மெதுவான பவான் நடனத்தின் கடைசியில் மூன்று நான்கு சுரங்கள் சேர்ந்து ஒலித்து அடங்கும்போது, 12இல் இருந்தால் நாதம் கண்ணாடி போல நிற்கிறது, 12.4இல் இருந்தால் உள்ளே ஒரு நடுக்கம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆர்கன் வாத்தியங்களை அந்தக் காந்தாரம் தூய்மையாக வரும்படி சுருதி சேர்த்தார்கள். மீன்டோன் என்று அந்த முறைக்குப் பெயர். லூட் வாசிப்பவர்கள் பலரும் மெட்டுகளை நகர்த்தி அதற்குப் பக்கத்தில் வரப் பார்க்கிறோம்.

அங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. மீன்டோனில் அரைச் சுரம் (ஒரு மெட்டுக்கும் அடுத்த மெட்டுக்கும் உள்ள சுர இடைவெளி) இரண்டு அளவில் வரும், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. முதல் மெட்டு ஆறு வரிசைகளுக்கும் பொது. அதே மெட்டு ஏ தந்தியில் (ஏ, பி, எஃப் எல்லாம் மேற்கத்திய சுரப் பெயர்கள்) பி-ஃபிளாட் தர வேண்டும், அதற்கு மெட்டு 3.9 செ.மீ.யில் இருப்பது நல்லது. எஃப் தந்தியில் எஃப்-ஷார்ப் தர வேண்டும், அதற்கு 2.6 போதும். ஒரே மெட்டு இரண்டு இடத்தில் இருக்க முடியுமா? சிலர் முதல் மெட்டுக்கு முன்னால் இன்னொரு மெட்டு கட்டுவார்கள். சிலர் ஒரு தந்திக்கு மட்டும் குட்டியாக ஒரு துண்டு ஒட்டுவார்கள், அதை டாஸ்டினோ என்பார்கள். பலர் அன்றைக்கு வாசிக்கப்போகும் உருப்படிக்கு எது அதிகம் தேவையோ அந்தப் பக்கம் மெட்டைத் தள்ளிவைப்பார்கள். நான் மூன்றாவது ரகம்.

இந்தக் குட்டித் துண்டுகளே வேண்டாம் என்று எழுதியவர் வின்சென்சோ கலிலேய். விஞ்ஞானி கலிலியோவின் அப்பா, நல்ல லூட் கலைஞர். தந்தி நீளத்தைப் பதினெட்டாகப் பிரித்து ஒரு பங்கில் முதல் மெட்டு, மிச்ச நீளத்தை மறுபடி பதினெட்டாகப் பிரித்து இரண்டாவது மெட்டு, இப்படியே போகச் சொன்னார். 60 செ.மீ.க்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாவது மெட்டு 29.8 செ.மீ.யில் வருகிறது, பாதிக்கு 2 மில்லிமீட்டர்தான் குறைவு. மிக அழகான கணக்கு, இன்றைய கிட்டார் மெட்டுக்கு மிக நெருக்கம். எல்லா அரைச் சுரமும் ஒரே அளவாகிவிடும், முடிச்சும் இருக்காது. ஆனால் அந்தக் காந்தாரம் போய்விடும். எனக்கு அதை விட மனசு வரவில்லை.

வீணைக்காரர்கள் இங்கே ஒன்று கேட்கலாம். நம் வீணையில் 24 மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருக்கிறதே, அங்கே இந்தத் தொல்லை ஏன் இல்லை? எனக்குத் தோன்றுவது இது: வீணையில் சட்ஜம் மாறாது. ஒருமுறை அந்த சட்ஜத்துக்கு ஏற்ப மெட்டு வைத்துவிட்டால், மிச்சத்தை கமகம் பார்த்துக்கொள்ளும். லூட்டில் உருப்படிக்கு உருப்படி ஆதார சுரம் மாறும், ஒரே உருப்படிக்குள்ளேயே நகரும். அதனால் மெட்டும் நகர வேண்டியிருக்கிறது. ஊரில் வீணைக்கு மெழுகு இளகினால் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். லூட்டில் அந்த வேலை வாசிப்பவருடையது.

கட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் மெட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் பருமன் நரம்பு, உடல் பக்கம் போகப் போக மெல்லியது, எட்டாவதுக்கு 0.6 போதும். அதற்கு மேல் கழுத்து முடிந்துவிடுவதால் சுற்றிக் கட்ட வழியில்லை, மேற்பலகைமேல் மரத்துண்டு ஒட்டுவார்கள். முதன்முதலில் நான் மெட்டு இருக்க வேண்டிய இடத்திலேயே வைத்து இறுக்கிக் கட்டினேன். ஒரு வாரத்தில் தளர்ந்து, தொட்ட தந்தியெல்லாம் இரைந்தது. என் ஆசிரியை அதை வெட்டி எறிந்துவிட்டு, புதிய நரம்பை மேருப் பக்கம் இரண்டு விரல் தள்ளிக் கட்டி, உடல் பக்கமாகத் தள்ளினார். கழுத்து அந்தப் பக்கம் அகன்றுகொண்டே போவதால், தள்ளத் தள்ள மெட்டு தானாக இறுகிக் கிண்ணென்று நின்றது. முடிச்சு தடித்த தந்திகளின் பக்கம், கழுத்தின் ஓரத்தில் வர வேண்டும். மிச்ச நுனிகளை ஒட்ட வெட்டிவிட்டுச் சூடு காட்டினால், கருகி மணி போல உருண்டு முடிச்சு அவிழாமல் பிடித்துக்கொள்ளும். நான் ஊதுபத்தி நெருப்பைத்தான் காட்டுவேன். முடி கருகும் வாசனையும் சந்தனமும் சேர்ந்து அறையில் கொஞ்ச நேரம் நிற்கும்.

குடல் வேண்டாம் என்பவர்களுக்கு நைலானும் செயற்கை நரம்புகளும் கிடைக்கின்றன, மெட்டும் நைலானில் கட்டலாம். வழுக்கும், ஆனால் வேலை செய்யும்.

வீட்டில் கிட்டார் இருந்தால் நான் சொல்வதைக் கேட்டே பார்க்கலாம். மூன்றாவது தந்தியை எஃப்-ஷார்ப்புக்கு இறக்குங்கள், ஆறு தந்திகளுக்கும் இடையே லூட்டின் இடைவெளிகள் வந்துவிடும். அப்புறம் ஏதாவது ஒரு தடித்த தந்தியில் நாலாவது மெட்டுக்கு மேலே விரலை அழுத்தாமல் லேசாக வைத்து மீட்டுங்கள். மணி போன்ற சுரம் மங்கலாக வரும். விரலை மேருப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். உலோகத்திலிருந்து சுமார் நாலு மில்லிமீட்டர் முன்னால் அது பளிச்சென்று தெளியும். என் லூட்டில் நாலாவது மெட்டு கட்டியிருப்பது அந்த இடத்தில்தான்.