அயராமை: கடிதமும் பதிலும்

அண்ணாச்சி, வணக்கம்.

பணி ஓய்வு பெறும் பெரியவர் ஒருவருக்கு வாழ்த்துமடல் எழுதினேன். அதில் ‘அயராது உழைத்தவர்’ என்றிருந்ததைப் படித்துக் காட்டியதும் எங்கள் ஆச்சி, “மறக்காம உழைச்சாராக்கும்?” என்று கேட்டாள். எங்கள் வீட்டில் ‘அயத்துப் போச்சு’ என்றால் மறந்துபோச்சு. இரண்டும் ஒரே சொல்லா?

வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

ஒரே சொல்தான். மடலை மாற்ற வேண்டாம். வேர் ‘அயர்’. பார்த்து ‘பாத்து’ ஆனதுபோல அயர்த்து ‘அயத்து’ ஆயிற்று. தளர்தல், மறத்தல் இரண்டுமே அதன் பழைய பொருள்கள். எழுத்துத் தமிழில் இன்று தளர்ச்சிதான் பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. ‘பாலுக்கு உறை ஊத்த அயத்துட்டேன்’ என்கிற நம் பெண்களோ மறதியை விடவில்லை.

இதற்குச் சாட்சி தாமிரபரணியில் உங்களுக்குக் கீழே, ஆழ்வார்திருநகரியில் இருக்கிறது. 1986 வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். அவ்வூர் நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதல் பாட்டிலேயே ‘அயர்வறும் அமரர்கள் அதிபதி’ என்கிறார். களைப்பில்லாத தேவர்கள் என்று படித்துவிட்டுப் போய்விடுவோம். வைணவ உரைகளோ அயர்வு என்றால் மறதி என்கின்றன. இறைவனை ஒருபோதும் மறவாதவர்கள் அவர்கள். ஆச்சிக்கு அந்த உரை தேவைப்படாது.

விரும்பிச் செய்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. தொல்காப்பியத்தில் ‘வெறியாட்டு அயர்ந்த காந்தள்’, குறளில் ‘மாலை அயர்கம் விருந்து’ (1268). வெறியாட்டில் முருகேறி ஆடும் பூசாரியான வேலன் தன்னை மறந்தல்லவா ஆடுகிறான்! மூன்று பொருளும் அந்தத் தன்மறதியில் கூடுகின்றன என்பது என் எண்ணம்.

சோர்ந்துபோகாமைக்கு வள்ளுவர் ஆளும் சொல் வேறு: ‘அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்’ (611). வேலையின் கடுமையைப் பார்த்து மலைத்துவிடாதே என்பது அது. அயராமையை நான் வேறாகப் பார்க்கிறேன்: கையில் எடுத்ததை நினைப்பிலிருந்து நழுவவிடாமை. பத்தமடையில் பாய் நெய்கிறவர்களைப் பாருங்கள். சாயக்கோரை எத்தனையாவது வரிசையில் நுழைய வேண்டும் என்ற கணக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இடுப்பு கடுக்கும், கண் அசரும்; ஆனால் கணக்கை அயர்த்துவிட்டால் கரை கோணிவிடும், பிரித்துத்தான் ஆகவேண்டும். உடம்பு தளர்ந்த பிறகும் அயராமல் இருக்கலாம் என்று அவர்களைப் பார்த்தே சொல்கிறேன்.

உங்கள் பக்கத்தில் இந்தச் சொல் வேறு பொருளிலும் வழங்கினால் எழுதுங்கள்.