கண்டல் சேற்றில் ஒட்சிசன் இன்றி நுண்ணங்கிகள் சக்தி பெறுவது எவ்வாறு?

கிண்ணியாப் பக்கத்துக் கண்டல் சேற்றைக் கிளறினால் கூழ்முட்டை நாற்றம் வருவதேன், ஒட்சிசனற்ற அச்சேற்றில் நுண்ணங்கிகள் எவ்வாறு சக்தி பெறுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். அத்தகைய சேற்றில் பெரும்பாலும் சில மில்லிமீற்றர் ஆழத்திலேயே ஒட்சிசன் தீர்ந்துவிடுகிறது. நாம் உணவிலிருந்து பிரித்தெடுக்கும் இலத்திரன்களை இறுதியில் ஒட்சிசன் ஏற்கிறது; அக்கைமாற்றத்தில்தான் சக்தி கிடைக்கிறது. அங்குள்ள சல்பேற்றுத் தாழ்த்தும் பற்றீரியாக்களோ, கடல்நீரில் தாராளமாகக் கரைந்துள்ள சல்பேற்றிடம் அவற்றை ஒப்படைத்து, ஐதரசன் சல்பைட்டை வெளிவிடுகின்றன. நாற்றம் அதனுடையது, அது இரும்புடன் சேர்ந்து உண்டாகும் இரும்புச் சல்பைட்டே சேற்றைக் கறுப்பாக்குகிறது. இதில் கிடைக்கும் சக்தி சொற்பம், ஏனெனில் சல்பேற்று ஒட்சிசனைவிட வலுக்குறைந்த இலத்திரன் ஏற்பி; அத்துடன் அதைத் தாக்கத்துக்குத் தயார்ப்படுத்தவே முதலில் ஏரிபி (ATP, கலங்கள் சக்தியைச் சேமித்துச் செலவிடும் மூலக்கூறு) செலவாகிறது. நொதித்தலை, அதாவது வெளியிலிருந்து இலத்திரன் ஏற்பி எதுவுமின்றி உணவை உடைப்பதை, மட்டும் நம்பும் நுண்ணங்கிகளுக்கு ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து பெரும்பாலும் 2 ஏரிபியே கிடைக்கிறது. ஒட்சிசனைக் கொண்டு சுவாசிக்கும் கலத்துக்கோ சுமார் 30. ஆயினும், என்னை மிகவும் வியக்கவைப்பது, அந்நொதித்தலின் கழிவான ஐதரசனும் அசற்றேற்றும் (வினாகிரியிலுள்ள அமிலத்தின் அயன்) சல்பேற்றுப் பற்றீரியாக்களுக்கு உணவாவதும், அவை ஐதரசனை அகற்றுவதால் நொதித்தல் தடையின்றித் தொடர்வதுமே.