தங்கச்சி ஏன் டீ போடப் போனாள்?

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 28. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம். நான்தான் கேம் மாஸ்டர். கதையை நான் நடத்துவேன். அத்தான், தங்கச்சி (சித்தி மகள்), இரண்டு நண்பர்கள் ஆளுக்கொரு கேரக்டராக ஆடுவார்கள். இரண்டு மாதமாக ஒரு நண்பன் எதற்கெடுத்தாலும் ரூல் புத்தகத்தைப் பிரிக்கிறான். ஆட்டம் அரை மணி நேரம் நின்றுவிடுகிறது. நான் விதியே வேண்டாம் என்பவன் இல்லை. தங்கச்சியின் கேரக்டர் சாகக் கிடந்தபோது மூன்றாவது தடவையும் ஒன்பது விழுந்தது. விதிப்படி செத்தது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அத்தானுக்கும் அதே நிலைமை. அவர் புதிதாக ஆட வந்தவர் என்பதால் மற்றவர்கள் பார்க்காமல் இருக்க என் முன்னால் வைக்கிற மறைப்பான ஸ்க்ரீனுக்குப் பின்னால் நானே டைஸை உருட்டிப் பிழைக்க வைத்தேன். கதையும் நன்றாகப் போனது. தங்கச்சி இப்போது ஆடுவதில்லை, எங்களுக்கு டீ மட்டும் போட்டுத் தருகிறாள். விதி பெரிதா, கேம் மாஸ்டரின் முடிவு பெரிதா? நண்பனுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, நண்பனைப் பற்றி அப்புறம் பேசுவோம். ஐந்து பேர் உட்கார்ந்த பாயில் இப்போது நான்கு பேர். ஐந்தாவது ஆள் அடுப்படியில் நிற்கிறாள். அதை நீங்கள் ஒரே வரியில், போகிற போக்கில் எழுதிவிட்டு நண்பனிடம் தாவிவிட்டீர்கள். அந்த வரியை நான் நான்கு தடவை படித்தேன். அவள் ஏன் ஆடுவதில்லை என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். டீ வந்தது, குடித்தீர்கள், அவ்வளவுதான்.

என் தங்கை மகன் கல்லூரி நாளில் இந்த விளையாட்டை எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் ஆடினான். அதனால் அந்த ஒன்பதின் கனம் எனக்குத் தெரியும். உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் இருபது முக டைஸை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் அந்தத் தடவை ஆபத்து இல்லை. பத்துக்குக் கீழே மூன்று தடவை விழுந்தால் சாவு. ஒன்பது என்றால் ஒரே ஒரு எண்ணில் போன உயிர். எல்லார் கண் முன்னாலும் அவளே தன் கையால் உருட்டினாள், விழுந்ததை ஏற்றுக்கொண்டாள். அத்தானுடைய டைஸை அத்தான் உருட்டவில்லை, நீங்கள் உருட்டினீர்கள். விழுந்த எண் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கடிதத்தில்கூட அதை நீங்கள் எழுதவில்லை.

தங்கச்சிக்கு விதி, அத்தானுக்கு உங்கள் மனசு. ‘விதியா, முடிவா’ என்று பொதுவாகக் கேட்டு இதை மூடாதீர்கள்.

அந்தக் கேள்வி பழையது. 1824-இல் பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, அட்டவணையும் பகடையும் வைத்துப் போர் விளையாட்டுக்கு விதி எழுதினார். விதி கூடக்கூட ஆட்டம் நகரவில்லை என்று ஐம்பது வருஷம் கழித்துக் குறைபட்டார்கள். 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்பவர், பெரும்பாலான விதிகளைத் தள்ளிவிட்டு நடுவரே முடிவு சொல்லட்டும் என்றார். அந்த நடுவர் களம் கண்ட அதிகாரியாக இருக்க வேண்டும், இரண்டு தரப்பும் அவரை நம்ப வேண்டும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த உங்கள் விளையாட்டிலும் கடைசி வார்த்தை கேம் மாஸ்டருடையதுதான். புத்தகமே அதைச் சொல்கிறது. உங்கள் அதிகாரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை யாருக்காகப் பயன்படுத்தினீர்கள், யாருக்காகப் பயன்படுத்தவில்லை என்பதில்தான் எனக்கு வருத்தம்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடுவோம். கட்டை கிடையாது; ஒரு பக்கம் உரைத்த புளியங்கொட்டைதான். தாயத்துக்கு ஊருக்கு ஊர் சட்டம் மாறும். அதனால் சாக்பீஸால் கட்டம் போட்டதுமே ஆச்சி கேட்டுவிடுவாள்: வெட்டாமல் உள்ளே போகலாமா? மலையில் இரட்டைக் காய் நிற்கலாமா? தூத்துக்குடியிலிருந்து வந்த பிள்ளைகள் வேறு மாதிரி சொன்னால், பேசி ஒன்றை முடிவு செய்த பிறகுதான் முதல் உருட்டு.

ஒரு நாள் சித்தப்பா உருட்டியபோது, கல் இடுக்கில் ஒரு புளியங்கொட்டை நட்டமாக நின்றுவிட்டது. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. சித்தப்பா வீட்டுக்குப் புது மாப்பிள்ளை. வெள்ளை என்று எடுத்துக்கொண்டால் அவருக்குத் தாயம். எதிரே நான், பத்து வயசு. ஆச்சி எல்லாரையும் குனிந்து பார்க்கச் சொன்னாள். “ஏல, இது கணக்குல சேராது. திருப்பிப் போடணும். இனிமே யாருக்கு நின்னாலும் இதுதான்” என்றாள். திருப்பிப் போட்டார், இரண்டு விழுந்தது. அன்று ராத்திரி இலையில் சித்தப்பாவுக்கு மட்டும் நெய் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. மாப்பிள்ளை மரியாதையை எங்கே காட்ட வேண்டும் என்று ஆச்சிக்குத் தெரியும். அத்தானுக்கு இருட்டுக்கடையில் வரிசையில் நின்று அல்வா வாங்கிக் கொடுங்கள், தப்பே இல்லை. சித்தி மகளின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. கூடப் பிறக்கவில்லை என்றாலும் அவளுக்கு நீங்கள் அண்ணன். வீட்டில் சின்னவள், பெண்பிள்ளை, ஒன்றும் சொல்ல மாட்டாள் என்ற தைரியம்தான் உங்களை இப்படிச் செய்ய வைத்தது. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புதிதாக வந்தவருக்கு ஒரு வாய்ப்பு கொடுப்பது நியாயம்தான் என்று நினைத்தால், டைஸைத் தொடுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்: ‘முதல் இரண்டு மாதம் யார் கேரக்டரும் சாகாது, பிடிபட்டுப் போகும், காயம் ஆற நாளாகும்’ என்று. அது கேம் மாஸ்டர் எடுக்கிற முடிவு. புத்தகத்தில் இல்லாத ஒன்றை யாராவது செய்ய வந்தாலும் இப்படித்தான். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்க்கிறேன் என்கிறார் ஒருவர். சுலபமென்றால் பத்து, நடுத்தரமென்றால் பதினைந்து, கஷ்டமென்றால் இருபது என்று, எட்ட வேண்டிய எண்ணை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் உருட்டட்டும். சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் இன்னொருவர் சட்டியைக் கவிழ்த்தால் அதே எண். எதிரியின் ரகசியத்தை ஸ்க்ரீனுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். உயிர் போகிற உருட்டு மட்டும் பாயின் நடுவில், ஆடுபவர் கையால் விழட்டும்.

இப்போது உங்கள் நண்பர். அவர் புத்தகத்தைப் பிரிக்க ஆரம்பித்து இரண்டு மாதம் என்கிறீர்கள். அத்தான் பிழைத்த ஞாயிறு எது? காலண்டரை எடுத்துப் பாருங்கள். உங்கள் வார்த்தையை நம்ப முடியாமல் போனபோது அவர் அச்சடித்த வார்த்தையைத் தேடிப் போயிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்குப் புரியவைக்க என்ன இருக்கிறது? இரண்டு நிமிஷத்தில் விதி கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கு நான் சொல்வது, ஆட்டம் முடிந்து சேர்ந்து தேடுவோம் என்று கேளுங்கள். தங்கச்சியிடம் நீங்கள் நடந்துகொள்வதைப் பார்த்த பிறகு ஒத்துக்கொள்வார்.

அவளிடம் தனியாகப் போய்ச் சமாதானம் பேசாதீர்கள். நான்கு பேர் முன்னால் நடந்தது, அந்த நான்கு பேர் முன்னால், அத்தானும் இருக்கும்போதே, ‘உனக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று செய்தேன், தப்பு’ என்று சொல்லுங்கள். அத்தான் கோபித்துக்கொள்வாரே என்ற பயம் வேண்டாம். தெரியாமல் சலுகை வாங்கியவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செத்த கேரக்டரை எழுப்ப அந்த விளையாட்டில் மந்திரம் உண்டு. அதை நீங்களாகப் போட்டு, தானம் கொடுப்பதுபோல் நீட்டிவிடாதீர்கள். பழைய ஆளே வேண்டுமா, புது ஆளா, இல்லை ஆட்டமே வேண்டாமா என்று அவளைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எதுவானாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை டீயை நீங்கள் போடுங்கள்.